விடியுமுன் என்ன கிழமை

ஞாயிறு பூஜ்யம், திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்து, சனி ஆறு என்ற இடத்தில் ஆவுடையப்பனின் மனசு மறுபடியும் முட்டிக்கொண்டு நின்றது. காலையிலிருந்து இதே வேலை. எதிரே, அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தும் இடத்தில், ஐஸ் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். பெட்டி உறுமுவதும் ஓய்வதுமாக இருந்தது. அது ஓயும்போதெல்லாம் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்துவார்கள், மறுபடி உறுமத் தொடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள். ராத்திரி முழுக்கக் கண்மூடாத எரிச்சலில் அவனுக்கு வெளிச்சமே சுமையாக இருந்தது. பன்னிரண்டு பி வீட்டுக்காரர் ரொம்பத் தயங்கித் தயங்கி வந்து, காரை எடுக்க இரண்டு நாற்காலியை நகர்த்தலாமா என்று கேட்டார், நகர்த்தினார்கள். இரண்டாவது மாடியில் யார் வீட்டுக் குக்கரோ விசிலடித்தது. ஆட்டுக்கறி வெந்து, பட்டையும் கிராம்புமாக வாசனை படி வழியே இறங்கி வந்து ஊதுவத்திப் புகையோடு கலந்தது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? மெட்ராஸே கறி எடுத்திருக்கிறது. ஆனால் மந்திரமூர்த்தி மாமாவுக்கு அது போதவில்லை. அம்மாவின் அண்ணன் அவர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து நாற்பது வருஷமாக ஆவடியில் இருக்கிறார். சொந்தத்தில் எந்தச் சாவு வீடானாலும் முதல் ஆளாக வந்து வேட்டியை மடித்துக் கட்டிவிடுவார். எட்டு மணிக்கு வந்தார், ஐஸ் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், "எப்ப மருமவனே?" என்று கேட்டார். ஆவுடையப்பன் சொன்னான்: "ராத்திரி ரெண்டு நாப்பதுக்கு மாமா." மாமா விரலை மடக்கி எதையோ யோசித்தார். "அப்ப ஞாயிறு பொறக்கலையே. சூரியன் உதிச்சாத்தானவே ஞாயிறு. ரெண்டு நாப்பதுன்னா அது சனிக்கெழமைல்லா?" என்றார். யாரோ ஒரு பெண், வாய்க்குள் முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: சனிப் பொணம் தனிப் போகாது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை செத்த பிணம் துணைக்கு வீட்டிலிருந்து இன்னோர் ஆளைக் கூட்டிக்கொண்டுதான் போகும்; அப்படிப் போகாமல் இருக்க, பாடையில் உயிரோடு ஒரு கோழியைக் கட்டி, இந்தா உன் துணை என்று அனுப்பிவிட வேண்டும். இது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சொல்லிவைத்தாற்போல் எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியதை ஆவுடையப்பன் பார்த்தான். அந்தப் பக்கத்தில், தூணோரமாக, தம்பி பாலு உட்கார்ந்திருந்தான். பால்வண்ணன், முப்பத்து நாலு வயசு, கால் இரண்டும் வீங்கி, செருப்பு வாரைத் தளர்த்திவிட்டு, மடியில் அளந்து குடிக்க ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலோடு. அவன் இதயம் வேலை செய்ய வேண்டியதில் கால்வாசிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். மாற்று இதயத்துக்குப் பதிந்துவைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் வீடே மூச்சைப் பிடித்துக்கொள்ளும், அது கடன் அட்டை விற்கிறவனாக இருக்கும். அந்தப் பாலுவைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், பார்த்துவிட்டு அவசரமாகத் தரையைப் பார்த்தார்கள். பாலுவும் அவர்களைப் பார்த்தான். ஒரு கோழியைக் கொண்டுவந்து அவன் கண்ணெதிரே கட்டினால் அதற்கு என்ன அர்த்தம்? அடுத்தது நீதான் என்று மேளம் கொட்டிச் சொல்வதுதானே. அதைப் பார்த்துவிட்டு அவன் எந்தத் தைரியத்தில் இன்னும் ஆறு மாசம் போனுக்குக் காத்திருப்பான்? "கோழியெல்லாம் கட்டக் கூடாது மாமா. இன்னைக்கு ஞாயித்துக்கெழமை" என்று ஆவுடையப்பன் அப்போதே கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டான். மத்தியானம் மூன்று மணிக்கு வண்டி வரும், அதுவரைக்கும் யோசிப்போம் என்று மாமா எழுந்து போனார். அவர் யோசிப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். யாராவது கோழி பார்க்கப் போயிருப்பார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். ரெண்டு நாப்பது என்று யார் சொல்லச் சொன்னது? வெடியக்காலம் என்று சொல்லியிருக்கலாம். ஊரில் யார் செத்தாலும் அப்படித்தானே சொல்வார்கள்: வெடியக்காலம், கோழி கூப்பிடுற நேரம், லைட்டு வைக்கிற நேரம். நிமிஷம் சொல்லிச் செத்தவன் எவனாவது உண்டா? ஆனால் பதினாறு வருஷமாகக் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு வேறு என்ன வரும். ஆபீசில் சர்வர் கம்ப்யூட்டர் செயலிழந்து விழுந்தால் அழுவதற்கு முன்னால் நேரத்தைக் குறி என்று அவனே புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். எப்போது விழுந்தது என்று தெரிந்தால்தான் ஏன் விழுந்தது என்று தேட முடியும். அப்படித்தான் ராத்திரி அந்த அறைக்குள் போனான். ஏதோ ஒரு சத்தம் வெகு நேரமாக இல்லாதது போலத் தோன்றி எழுந்து போனான், விளக்கைப் போட்டான், அப்பாவின் மூக்கருகே கையை வைத்தான், இல்லை என்று தெரிந்தது. தெரிந்த கையோடு, அப்பா என்றுகூடக் கூப்பிடாமல், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மணி பார்த்தான். அதை இப்போது நினைத்தால் அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. பெத்த தகப்பன் செத்துக் கிடக்கிறார், மணி பார்க்கிறவன் மனுஷனா? பார்த்ததுதான் பார்த்தான், அதை மனசோடு வைத்துக்கொண்டானா? கட்டிலில் அந்தப் பக்கமாக அப்பாவை ஒட்டிப் படுத்திருந்த அம்மாவிடம் முதலில் சொன்னதே அதைத்தான். அம்மா, ரெண்டு நாப்பது. அம்மா அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் அப்போது அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டான்.

அப்பாவுக்கு அவன் வேலை என்றைக்குமே விளங்கியதில்லை. ஒரு தேதியைக் கொடுத்தால் அது என்ன கிழமை என்று சொல்லும் புரோகிராம் எழுதுகிறேன் என்று ஒருநாள் சொன்னபோது, விழுந்து விழுந்து சிரித்தார். "ஏலே, அதுக்கா ஒனக்குச் சம்பளம் குடுக்கான்? காலண்டர் வாங்கிச் செவுத்துல அடிச்சா அது சொல்லிட்டுப் போகுது." சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டான். சுவர்க் காலண்டருக்கு என்ன, யாரோ அச்சடித்துக் கொடுத்ததைக் காட்டுகிறது. கம்ப்யூட்டருக்குக் கிழமையே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எங்கோ ஒரு நாளிலிருந்து இன்றுவரை எத்தனை நொடி ஆயிற்று என்பது மட்டும்தான். அதற்கு உலகம் பிறந்ததே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது ஜனவரி ஒன்று, ஒரு வியாழக்கிழமை. அங்கிருந்து நாளை எண்ணி, ஏழால் வகுத்து, மிச்சம் என்ன என்று பார்த்துக் கிழமை சொல்ல வேண்டும். சாவு வீட்டிலும் எல்லோரும் மிச்சம் யார் என்றுதான் பார்க்கிறார்கள். ச்சீ, இது என்ன நினைப்பு. ஒரு கம்ப்யூட்டர் மொழியில் ஞாயிறு பூஜ்யம். இன்னொரு மொழியில் திங்கள் பூஜ்யம், ஞாயிறு ஆறு. ஒன்றில் எழுதியதை மற்றொன்றுக்கு அப்படியே மாற்றி மாட்டிக்கொண்டவர்கள் ஆயிரம் பேர். அவன் மாட்டியது வேறு இடத்தில். பால் போடும் கம்பெனி ஒன்றுக்கு அவன் ஆபீசில் செயலி எழுதிக்கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக ஒரு பாக்கெட் வேண்டும் என்று கேட்டவர்கள் வீட்டில் திங்கட்கிழமை காலையில் கூடுதல் பாக்கெட் விழுந்தது. ஆனால் எல்லா வீட்டிலும் இல்லை. விடியற்காலை ஐந்தரைக்கு முன்னால் பால் போகும் தெருக்களில் மட்டும். மூளையைக் கசக்கியதில் மூன்றாம் நாள் பிடிபட்டது. சர்வர் உட்கார்ந்திருப்பது கிரீன்விச் நேரத்தில். நமக்கு விடியற்காலை ஐந்தரை ஆனால்தான் அதற்கு நடுராத்திரி தாண்டிக் கிழமை மாறும். அதுவரைக்கும் அதற்கு முந்தின நாள்தான். எந்த ஊர் நேரம் என்று சொல்லாமல் கிழமையைக் கேட்காதே என்று அன்றிலிருந்து அவன் புதுப் பிள்ளைகளிடம் பாடாய்ப் படுத்திச் சொல்லி வருகிறான். ஐந்தரை. நம் ஊரில் ஏறக்குறைய அப்போதுதான் கீழ்வானம் வெளுக்கிறது. ஆவுடையப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்படியானால் மாமாவும் சர்வரும் ஒரே கட்சி. ரெண்டு நாப்பதை எடுத்துப் போய் உலகத்தில் எந்தச் சர்வரிடம் கொடுத்தாலும், எந்த ஊர் என்று சொல்லாவிட்டால், அது ஆறு என்றுதான் சொல்லும். ஆறு என்றால் சனி.

அவனுக்கு இதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. கிடையாது என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே எரிச்சலாக இருந்தது. பூமி சுற்றுகிறது, அதற்குக் கிழமை உண்டா? மனுஷன் கோடு கிழித்தான். ஒருத்தன் நடுராத்திரியில் கிழித்தான், ஒருத்தன் விடியலில் கிழித்தான், இன்னொருத்தன் பொழுது சாய்ந்ததும் கிழித்தான். செத்த மனுஷன் கோட்டைப் பார்த்தா செத்தார்? சரி, அப்படியென்றால் ஏன் நேற்று ராத்திரி பன்னிரண்டு மணியைத் தாண்டியதும் உனக்கு மனசு லேசாயிற்று? அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, டாக்டர் இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பத்து நாளாகியிருந்தது, நீ கூடத்தில் உட்கார்ந்து மணியைப் பார்த்தாய், பன்னிரண்டு தாண்டியதும், அப்பாடா, சனி போய்விட்டது என்று நினைத்தாயா இல்லையா? நினைத்தான். நினைத்துவிட்டு, போகட்டும் என்று விட்டுவிட்ட நினைப்பு அது. பிடியைத் தளர்த்திவிட்டது போல. தளர்த்தியதும் அவர் போய்விட்டார். இப்போது மாமாவிடம் போய், நான் சரியாகப் பார்க்கவில்லை, விடிந்தபிறகுதான் உயிர் போயிற்று என்று சொல்லிவிட்டால் என்ன? ராத்திரியே மூன்று மணிக்கு எல்லோருக்கும் போன் போட்டாயிற்று. மூன்று மணிக்குச் செத்தவர் ஆறு மணிக்கு மறுபடி சாவாரா? ஊர் சிரிக்கும். தேதியை மாற்றினால் இங்கே உடையும், நேரத்தை மாற்றினால் அங்கே உடையும். இந்த மாதிரிச் சிக்கலில் ஆபீசாக இருந்தால் ஒரு காபி குடித்துவிட்டு வந்து பழையபடி முதல் வரியிலிருந்து பார்ப்பான். இங்கே முதல் வரி எது? ஞாயிறு பூஜ்யம், திங்கள் ஒன்று. அலுப்பாக இருந்தது. எங்காவது ஒரு மூலையில் தலையைச் சாய்த்துக் கிழமையே இல்லாத ஒரு தூக்கம் தூங்கினால் போதும் என்றிருந்தது.

பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. பாலு வந்து உட்கார்ந்திருந்தான். தூணிலிருந்து இங்கே வருகிற பத்தடிக்கே அவனுக்கு மூச்சு வாங்கியது. வாங்கி முடிகிறவரைக்கும் ஆவுடையப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான், அப்படித்தான் பாலுவுக்குப் பிடிக்கும். "என்னண்ணே, கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கியா?" என்றான். "ஒண்ணுமில்ல." "ஒண்ணுமில்லாமயா ஒதடு அசையுது? நீ சின்னதுலயும் பரீட்சைக்கு முன்னால இப்படித்தான் ஒதட்ட அசப்ப." ஆவுடையப்பன் உதட்டைக் கடித்துக்கொண்டான். பாலு பாட்டில் மூடியில் ஒரு மடக்குத் தண்ணீர் ஊற்றி, மருந்து மாதிரி, நாக்கில் வைத்து மெதுவாக விழுங்கினான். "மாமாகிட்ட சண்டை போடாதண்ணே. அவர் ஒண்ணும் எனக்குக் கெடுதல் நினைச்சுச் சொல்லல. எல்லாரும் என்னையப் பாக்காவன்னு உனக்குக் கோவம். நான் ஒரு வருஷமா இதே பார்வையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான் பாக்காவ." "நீ சும்மா இரு. கோழியும் கிடையாது ஒண்ணும் கிடையாது." "கட்டுறதுன்னு ஆச்சுன்னா நாட்டுக்கோழியாக் கட்டச் சொல்லு. பிராய்லர் அப்பாவுக்கு ஆகாது, தெரியும்லா" என்று பாலு சொன்னான், சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் நிற்க நேரம் பிடித்தது. ஆவுடையப்பன் அவன் முதுகைத் தடவினான். சட்டைக்குள் தோள்பட்டை எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. எட்டாம் வகுப்பில் இதே முதுகில் ஏறித்தான் ஆவுடையப்பன் கண்மாய்க் கரையில் ஈச்ச மரத்தை எட்டினானா, அல்லது பாலு தன் முதுகில் ஏறினானா? ஞாபகம் இல்லை. இருமல் அடங்கியதும் பாலு மெல்லக் கேட்டான்: "நெசமாவே ஞாயித்துக்கெழமையாண்ணே? ஒங்க கம்ப்யூட்டர் கணக்குல?" கேட்கிற விதத்திலேயே தெரிந்துபோயிற்று. சிரிப்பெல்லாம் வெளியே, உள்ளே இவனுக்கும் பயம் இருக்கிறது. சர்வர், கிரீன்விச், ஐந்தரை எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. அவற்றை விழுங்கிவிட்டு, "சந்தேகமே இல்லடா. ஞாயிறு" என்றான் ஆவுடையப்பன். பாலு தலையை ஆட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை.

அப்போது பெட்டியின் தலைமாட்டிலிருந்து அம்மா கையசைத்துக் கூப்பிட்டாள். உலகம்மாளுக்கு அறுபத்தெட்டு வயசு. காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை, கொடுத்த காபியைக் குடித்தாள், வந்தவர்களைக் கட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். விளக்குத் திரியைத் தூண்டத்தான் கூப்பிடுகிறாள் என்று ஆவுடையப்பன் போய்க் குனிந்தான். அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். சுற்றியிருந்த பெண்கள், தாயும் பிள்ளையும் அழப் போகிறார்கள் என்று கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள். அம்மா அழவில்லை. அவன் காதோரமாக, கடைக்குச் சாமான் சொல்லி அனுப்புகிற குரலில் பேசினாள். "எய்யா, நீ நேத்து ராத்திரி என்னத்துக்கு லைட்டப் போட்ட?" அவனுக்குப் புரியவில்லை. "சத்தம் கேக்கலன்னு வந்தேம்மா." "சத்தம் நின்னது எனக்குத் தெரியாதா? அவுக நெஞ்சுலதான் கைய வச்சுப் படுத்திருந்தேன். பதினோரு மணிக்கெல்லாம் அடங்கிட்டு." அவன் அவளையே பார்த்தான். பதினோரு மணி. "எத்தன வருசமா அவுக பக்கத்துல படுக்கேன், எனக்கா தெரியாது? சனிக்கெழம இன்னும் கெடக்கே, சொன்னா சின்னவனுக்கு ஆகாதேன்னு சும்மா கெடந்தேன். விடியட்டும், காக்கா கத்தட்டும், அப்புறமா ஒங்களையெல்லாம் எழுப்பி இப்பத்தான் போனாவன்னு சொல்லிருவோம்னு, வாயில சேலையை வச்சு அமுக்கிக்கிட்டுக் கையப் புடிச்சுக்கிட்டே கெடந்தேன். நீ வந்து லைட்டப் போட்டுட்ட. மணியையும் சொல்லிட்ட." இருட்டில், ஆறிக்கொண்டே போகிற ஒரு கையைப் பிடித்தபடி, சேலையை வாயில் திணித்துக்கொண்டு இவள் விடியலுக்காகக் கிடந்திருக்கிறாள். இவன் கூடத்தில் உட்கார்ந்து பன்னிரண்டு தாண்டியதற்குச் சந்தோஷப்பட்டிருக்கிறான். அப்படியானால் எந்தக் கோட்டை எங்கே கிழித்தாலும் சரி. மாமா கணக்கிலும் சனி, சர்வர் கணக்கிலும் சனி, அவன் கணக்கிலும் சனி. எங்கே வகுத்தாலும் ஆறுதான் மிச்சம். "அம்மா" என்று மட்டும் சொன்னான். "நீ ஒண்ணும் வெசனப்படாத" என்று அம்மா அவன் கன்னத்தைத் தடவினாள். "காலைல குளிப்பாட்டும்போது அவுக காதுல சொல்லிட்டேன். தொணைக்கு ஆளு வேணும்னா என்னையக் கூப்பிடுங்க, நான் வாரேன், சின்னவன் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதியன்னு. அவுக நான் சொன்னா கேப்பாவ. நீ மாமாகூட மல்லுக்கு நிக்காத, கோழியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். சின்னவன் பாத்தா பயந்துருவான்." சொல்லிவிட்டு, வேலை முடிந்தது என்பதைப் போல, பெட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள்.

அவன் எழுந்தான். அம்மாவின் கை நரம்பு, நேற்று சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டாளா இல்லையா, படியேறும்போது சுவரைப் பிடிக்கிறாளே எத்தனை நாளாக, என்று என்னென்னவோ ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது. ராத்திரியிலிருந்து வராத அழுகை நெஞ்சுக்குள் புரண்டது. பயமாக இருந்தது, சின்னப் பையன் மாதிரி, வெட்கமில்லாமல், பயமாக இருந்தது. அம்மா சொன்னால் அப்பா கேட்பார், பாலுவை விட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொள்வார். என்றைக்கு அவள் சொல்லைத் தட்டியிருக்கிறார்? கார் நிறுத்தும் இடத்துக்கு வெளியே வெயிலில் மந்திரமூர்த்தி மாமா வண்டிக்காரனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். இவன் வருவதைப் பார்த்ததும் மறுபடி சண்டைக்கு வருகிறான் என்று முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு போனை வைத்தார். "கோழி வாங்க ஆள் போயாச்சா மாமா?" என்று கேட்டான் ஆவுடையப்பன். மாமா கொஞ்சம் திகைத்தார். "இப்பத்தான் கெளம்புதான். நீதான் வேண்டாம்னு..." "ரெண்டா வாங்கிட்டு வரச் சொல்லுங்க." "ரெண்டா? ஒரு பொணத்துக்கு ஒரு கோழிதானய்யா கணக்கு." ஆவுடையப்பன் கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்கக்கூட மறந்து, மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "ரெண்டு மாமா" என்றான்.